ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்

இவர் ஒரு காருக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றார். பிறகு அடுத்த காருக்குப் பின்னால். பிறகு அதற்கும் அடுத்தது. நான் கார்த் தரிப்பிடத்தின் வாசலில் ஒரு கையில் பாதி கடித்த மீன் கட்லட்டும் மறு கையில் என் செருப்புமாக நின்றுகொண்டிருந்தேன்.

"லீவு நாளிலையும் டயர் பாக்கிறியளோ? வாங்கோ இஞ்சாலை!" என்று சத்தம் போட்டேன்.

இவர் என்றால் என் கணவர். சுவிசில், எம்மன்புரூக்கேயில் ஒரு கராஜில் டயர் மாற்றுகிற வேலை. எங்கே கார் நின்றாலும் முதலில் டயரைப் பார்ப்பார், பிறகு இலக்கத் தகட்டைப் பார்ப்பார். இது லுட்சேர்ன், இது பேர்ன், இது ஆர்காவ் என்று மாநிலத்தின் பெயரை வாய்க்குள் முணுமுணுப்பார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு இந்தத் தொல்லை.

அன்றைக்கு அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"வதனி, சத்தம் போடாதையும். இஞ்சை நிக்கிற எல்லாம் பிரான்ஸ் கார்."

"சுற்றுலா வந்திருப்பாங்கள். அதுக்கென்ன?"

"ஒண்டு ரெண்டு எண்டாச் சரி. இந்த வளவு முழுக்கப் பிரான்ஸ் கார். ரெண்டே ரெண்டு சுவிஸ் கார்தான் நிக்குது. அவங்கள் இல்லை, நாங்கள்தான் சுற்றுலா வந்திருக்கிறம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது வாயில் இருந்த கட்லட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஊர்ப் பெயரை எழுதமாட்டேன்

என் தொடரில் இந்த அத்தியாயத்தை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் பத்திரிகை ஆசிரியர் தம்பி தொலைபேசியில் துள்ளினார். "ஊரின்ரை பேரைப் போடுங்கோ அக்கா, படம் ஒண்டும் போடலாம்" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு எங்கள் வீட்டு அலுமாரியில் மூன்று சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் இருக்கின்றன. ஒருவரும் என்னை ஒன்றும் செய்யப்போவதில்லை. அது அறிவுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாது. அந்த ஊரின் பெயரை வெதர் செய்தியில் கேட்டாலும் நான் இப்போதும் ரேடியோவை நிறுத்திவிடுவேன். ஆகையால் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்களிடம் இருந்தது எஃப் விசா. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அகதி என்று ஏற்றுக்கொள்ளவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. இப்போதைக்கு இருந்துகொள், போகச் சொல்லும்போது போ என்பதுதான் அதன் பொருள். அந்த இப்போதைக்குள்ளேயே எனக்குக் கலியாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, பிள்ளைக்கு முன்பல்லும் விழுந்துவிட்டது. வேலை செய்யலாம், வரி கட்டலாம். கேட்காமல் நாட்டை விட்டு வெளியே மட்டும் காலை வைக்கக் கூடாது. வைத்தால் அந்த எஃப்பும் போய்விடும்.

அந்த வருடம்தான் அதைப் பி விசாவாக மாற்றித் தரும்படி விண்ணப்பித்திருந்தோம். பி என்றால் இருக்கலாம் என்ற உறுதி. லுட்சேர்னில் ஏதோ ஓர் அலுவலக மேசையில், ஒரு கோப்புக்குள், எங்கள் மூவரின் வாழ்க்கையும் கிடந்தது.

பாடனில் நவம் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு வருகிற அரசாங்கக் கடிதங்களை வாசித்துச் சொல்பவர். விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவரும் அவர்தான். "பதில் வருமட்டும் மூச்சையும் மெல்ல விடுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். போதாததற்குப் பேர்ன் பக்கம் பூம்ப்ளிஸில் இருந்த ஒரு குடும்பத்தின் கதையையும் சொன்னார். பாரிஸில் சொந்தக்காரர் கலியாணம் என்று காரில் போனார்களாம். போகும்போது ஒன்றும் இல்லையாம். வரும்போது மறித்தார்களாம். "பேந்தென்ன, விசாவும் போச்சு, வேலையும் போச்சு" என்றார் நவம் அண்ணை. அந்தக் குடும்பம் பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

ஒரு மெர்சியில் கவிழ்ந்தது

இப்படிப் பயந்து நடுங்கிக் கிடந்தவர்கள் எப்படிப் பிரான்சுக்குப் போனார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்.

எங்கள் கலியாண நாளுக்குச் சேலை வாங்கித் தருவதாக இவர் சொன்னார். கட்டிக்கொண்டு எங்கே போவது, முதியோர் இல்லத்துச் சலவை அறைக்கோ என்று கேட்டேன். அங்கேதான் எனக்கு வேலை. சேலை வேண்டாம், ஏரியில் போட்டில் கூட்டிக்கொண்டு போங்கோ என்றேன்.

"லுட்சேர்னிலை இல்லாத ஏரியோ?" என்றார்.

"அது வேலைக்குப் போற வழியிலை இருக்கிற ஏரி. அதைப் பாத்தா எனக்குப் பஸ் பிந்திப்போச்செண்டுதான் ஞாபகம் வரும்."

எங்கள் கெமைண்ட அலுவலகத்தில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், நாள் டிக்கட் விற்பார்கள். ஒருநாள் முழுக்க, நாடு முழுக்க, ரயில், பஸ், போட் எல்லாவற்றிலும் ஏறலாம். அந்த டிக்கட் கையில் வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு ஒருவித விசர் பிடிக்கும். விடிய முதல் ரயிலில் ஏறி, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போய், எங்கும் இறங்காமலே திரும்பி வந்து, "முழு சுவிசையும் பாத்தாச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு.

நாங்களும் இரண்டு டிக்கட் எடுத்தோம். எட்டு வயது மகள் அபியைப் பக்கத்து வீட்டு ரஞ்சி அக்காவிடம் விட்டோம். இரவு எட்டு மணிக்கு முன் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு ரயிலேறினோம். நியோனில் இறங்கினால் ஏரி. துறையில் ஒரு போட் புறப்படத் தயாராக நின்றது. எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. எங்கே போனால் என்ன, தண்ணீரில்தானே போகிறது?

போட்டில் டிக்கட் பார்க்கிறவர் வந்தார். எங்கள் நாள் டிக்கட்டைப் பார்த்துத் தலையாட்டி "மெர்சி" என்று நன்றி சொன்னார். அந்த ஒரு மெர்சியில்தான் நாங்கள் கவிழ்ந்தோம். சுவிஸ் நாள் டிக்கட் செல்லுபடியாகிற இடம் சுவிஸ்தானே? கெமைண்டயில் விற்ற டிக்கட் மனிதரைக் கொண்டுபோய் வெளிநாட்டில் இறக்குமா? இன்றுவரை இந்த யோசனையில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

கண்டதும் பிடித்தது

இருபது நிமிடம் போயிருக்கும். முன்னால் கரை தெரிந்தது. கரை என்றா சொன்னேன்? தண்ணீரிலிருந்தே எழும்பி நிற்கிற ஒரு பழைய கற்கோட்டை. அதன் காலடியில் சின்னத் துறை. அதற்குப் பின்னால் ஒன்றின் தோளில் ஒன்று கையைப் போட்டதுபோல் கல் வீடுகள். கல்லே தெரியாதபடி பூ. ஊதாப் பூக்கொடி கூரைவரை ஏறியிருந்தது. சன்னலுக்குச் சன்னல் சிவப்பு ஜெரேனியம்.

"இஞ்சேருங்கோ, இறங்குவம்" என்றேன்.

"வேண்டாம். இதிலையே இருந்து திரும்பிப் போவம். தண்ணியைத்தானே பாக்க வந்தனீர்?" என்றார் இவர். அவர் சொன்னதை நான் மறைக்கப்போவதில்லை. இறங்குவோம் என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்தது நான்தான்.

இறங்கிக் கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆடி மாத வெயில். ஆனால் அந்த ஒழுங்கைகளின் கல் குளிர்ந்து கிடந்தது. எதிரே ஆள் வந்தால் சுவரோடு சாய்ந்துதான் வழி விடவேண்டும். எங்கோ வெண்ணெயில் மீன் பொரிகிற வாசம் வந்தது. நீலக் கதவு போட்ட ஒரு சன்னலிலிருந்து ஒரு பெண் மேசைத் துணியை உதறிவிட்டு எங்களைப் பார்த்து "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னாள். நியோனிலும் பிரெஞ்சுதானே பேசுகிறார்கள், அதனால் அதிலும் எனக்கு ஐமிச்சம் வரவில்லை. உணவகங்களின் விலைப் பலகைகளை நான் பார்க்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும் என்று எங்கே போனாலும் பார்ப்பதில்லை. சாப்பாடுதான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறோமே.

எங்கள் ஆட்கள் அழகான எதையாவது கண்டால் உடனே ஊர் ஞாபகம் வந்து மூக்கைச் சிந்துவார்கள். எனக்கு அன்றைக்கு யாழ்ப்பாணம் ஞாபகமே வரவில்லை. எம்மன்புரூக்கே வீட்டின் குசினிச் சன்னலும் அதற்கு முன்னால் நிற்கிற தொழிற்சாலை மதிலும்கூட ஞாபகம் வரவில்லை. அந்த நீலக் கதவுச் சன்னலில் நான் நின்று துணி உதறுகிற மாதிரி மட்டும் ஒரு நினைப்பு வந்தது. பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

"இந்த வீடு என்ரை" என்று இவரிடம் சொன்னேன்.

"அப்ப எனக்கு?"

"நீங்கள் கீழை டயர்க் கடை போடுங்கோ."

சிரித்துக்கொண்டே ஊரின் மறு கோடிக்கு வந்தோம். அங்கேதான் கார்த் தரிப்பிடம் இருந்தது.

ஃபோனைத் தொடாதையும்

தரிப்பிடத்தை விட்டு வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை கைப்பையைத் துழாவியது. அன்று எங்களிடம் ஒரு ஃபோன்தான், அதுவும் என்னுடையது. நவம் அண்ணைக்கு எடுத்து என்ன செய்வது என்று கேட்கலாம் என்று நினைத்தேன். திரையில் ஒரு குறுஞ்செய்தி ஏற்கெனவே வந்து கிடந்தது. பிரான்சுக்கு உங்களை வரவேற்கிறோம்.

"ஐயோ, ஃபோனுக்கும் தெரிஞ்சு போச்சு" என்றேன்.

"எடுக்காதையும்! இஞ்சையிருந்து எடுத்தா பில்லிலை விழும். பில்லிலை விழுந்தா அவங்கள் பாப்பாங்கள்."

எவங்கள் என்று நான் கேட்கவில்லை. ஃபோனை நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, கைப்பையின் அடியில் வைத்தேன். ஏன் பையில் சுற்றினேன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. பயந்தவர்கள் செய்கிற வேலைக்குக் காரணம் கேட்காதீர்கள். ரஞ்சி அக்காவுக்கு ஏதும் அவசரம் என்றால் எப்படி எடுப்பா, பிள்ளைக்கு ஏதும் என்றால் என்ன செய்வா என்பதெல்லாம் நிறுத்தின பிறகுதான் வந்தது.

துறைக்கு ஓடினோம். ஓடினோம் என்று சொல்லக் கூடாது, ஓடினால் சந்தேகப்படுவார்கள் என்று இவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். பலகையில் நேரம் பார்த்தால், போட் இப்போதுதான் போயிருந்தது. அடுத்தது நாலு மணிக்கு மேல். இரண்டரை மணித்தியாலம்.

இவர் தண்ணீரைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

"நீர் அந்த வாங்கிலை இரும். நான் இஞ்சாலை இருக்கிறன். போட்டிலையும் வேறை வேறையா ஏறுவம். இறங்கேக்கை நீர் முன்னாலை போம். என்னை மறிச்சா நிக்காதையும். திரும்பியும் பாக்காதையும். முதல் வாற ரயிலிலை ஏறிப் போய்ப் பிள்ளையை எடும். விளங்குதோ?"

"உங்களைப் பிடிச்சா?"

"ரெண்டு பேரையும் பிடிச்சா அபி ஆரோடை?"

அப்பாவும் அண்ணாவும்

இந்த ஏற்பாட்டை இவர் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆமிக் காவலரண் தாண்டிப் போன எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும். எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணாவும் ஒருநாளும் ஒன்றாகச் சைக்கிளில் போனதில்லை. அப்பா முதலில், அண்ணா கால்மணி பிந்தி. அம்மாதான் நேரம் பார்த்து அனுப்புவா.

ஒருநாள் அண்ணா பொறுமையில்லாமல் கால்மணி ஆகுமுன்பே கிளம்பிவிட்டார். அப்பா காவலரணைத் தாண்டும்போதே அண்ணாவும் பின்னால் வந்து சேர்ந்துவிட்டார், அண்ணாவை மறித்துவிட்டார்கள். அப்பா சைக்கிளை நிறுத்தவில்லை. நேரே அலுவலகம் போய், கையெழுத்துப் போட்டு, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தார். அண்ணா பின்னேரம் வந்துவிட்டார். கன்னத்தில் ஒரு வீக்கம், வேறொன்றும் இல்லை.

நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பாவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. தன் பிள்ளையை மறித்திருக்கும்போது எப்படி ஒரு மனிதரால் சைக்கிள் மிதிக்க முடிந்தது என்று எனக்குக் கோபம். அப்பா என்னைச் சமாதானம் செய்ய வரவும் இல்லை.

இரண்டு வாங்கு

இரண்டரை மணித்தியாலம் நாங்கள் துறையோரத்து இரண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு பூச்சாடி, ஒரு குப்பைத் தொட்டி, ஐஸ்கிரீம் வாங்க நிற்கிறவர்களின் வரிசை.

என்ன அநியாயம் என்றால், அந்த ஊர் அப்போதும் அழகாகத்தான் இருந்தது. நான் பயந்தேன் என்பதற்காக ஒரு பூவும் வாடவில்லை. வெயில் சரியச் சரியக் கல் எல்லாம் தேன் நிறத்துக்கு வந்தது. அந்தப் பக்கம் சுவிஸ் கரை தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் வருடக்கணக்காகப் பயந்து பயந்து இருந்த நாடு, அங்கே போய்ச் சேர்ந்தால் போதும் என்று இப்போது இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று மணிபோல இரண்டு பொலிஸ்காரர் ஒழுங்கையால் இறங்கி வந்தார்கள். நீலச் சட்டை, இடுப்பில் துவக்கு. கைப்பைக்குள் என் அடையாள அட்டை, அதில் பெரிதாக எஃப். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பார்த்தால் ஏன் பார்க்கிறாள் என்பான், பார்க்காவிட்டால் ஏன் பார்க்கிறாள் இல்லை என்பான்.

ஒருவர் எனக்கு முன்னால் வந்ததும் தலையைச் சாய்த்து, "போன்ஜூர், மதாம்" என்றார்.

என் வாய் திறந்து "குரூயெத்சி" என்றது. அது ஜெர்மன் சுவிசில் சொல்கிற வணக்கம். பிரான்சில், பிரெஞ்சுப் பொலிசுக்கு, நான் எங்கிருந்து வருகிறேன் என்று நானே வாயால் சொல்லிக்கொடுத்தேன். தூரத்து வாங்கில் இவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்துவது தெரிந்தது.

பொலிஸ்காரர் சிரித்துவிட்டு ஐஸ்கிரீம் வரிசையில் போய் நின்றார். நான் அந்த வாங்கை விட்டு எழும்பவில்லை.

நியோன் துறை

போட் வந்தது. நான் முன்னால் ஏறி மேல்தட்டுக்குப் போனேன். இவர் சாப்பாட்டுப் பையோடு கீழ்த்தட்டில் நின்றார். அந்த ஊர் சின்னதாகிச் சின்னதாகிப் போனதை நான் பார்க்கவில்லை. முன்பக்கம் வரப்போகிற துறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறையில் இரண்டு பேர் சீருடையில் நின்றார்கள். எல்லைக் காவலர். காலையில் அங்கே ஒருவரும் நிற்கவில்லை, கடவுளே, ஒருவரும் நிற்கவில்லை.

சனத்தோடு சனமாக இறங்கினேன். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை வண்டி. அதைத் தள்ளிக்கொண்டு போன பெண்ணோடு ஒட்டிக்கொண்டு, அவளுடைய சொந்தக்காரி மாதிரி, பிள்ளையைப் பார்த்து இளித்துக்கொண்டு போனேன். காவலரின் சப்பாத்து என் கண்ணில் பட்டது. சப்பாத்து அசையவில்லை. தாண்டிவிட்டேன்.

பத்தடி போயிருப்பேன். பின்னால் ஓர் ஆண் குரல் பிரெஞ்சில் ஏதோ கேட்டது. அதைத் தொடர்ந்து ஜெர்மனில் இவர் திக்குவது கேட்டது.

நடந்தேன். மேட்டில் ஏறி ஸ்டேசனுக்கு வந்தேன். முதல் வந்த ரயிலில் ஏறினேன். கதவு மூடியது. எனக்கு முன்னால் இருந்த இருக்கை வெறுமையாக இருந்தது. லௌசான் வந்தது, பேர்ன் வந்தது. ஃபோனை மறுபடி இயக்கினேன், ஆனால் யாருக்கு எடுப்பது? இவரிடம் ஃபோன் இல்லை. நவம் அண்ணைக்கு எடுத்தால் அவர் சொல்லப்போவது தெரியும். இவரைக் கூட்டிப்போகிற வாகனம், கதிரை, மேசை, மொழிபெயர்ப்பாளர், விமானம் என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு ஸ்டேசனுக்கும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

ரஞ்சி அக்காவின் கதவைத் தட்டும்போது எட்டு ஆகவில்லை. அபி ஓடி வந்து, "அப்பா எங்கை?" என்றாள்.

"வாறார்" என்றேன். என் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

கெட்டிக்காரி

ஒரு மணித்தியாலம் பிந்தி இவர் வந்தார். கட்லட் பெட்டி கையில் இருந்தது.

மறித்தவர் பையைத் திறக்கச் சொன்னாராம். அந்தப் பக்கத்திலிருந்து மலிவாக இறைச்சி வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பிடிக்கத்தான் நின்றார்களாம். பெட்டியைத் திறந்து மணந்து பார்த்து இறைச்சியோ என்று கேட்டாராம். இவர் "ஃபிஷ், ஃபிஷ்" என்றாராம். காவலர் சிரித்து, நல்லாச் சாப்பிடுங்கள் என்று சொல்லி விட்டுவிட்டாராம். அட்டையைக் கேட்கவே இல்லை. மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இவர் ஏரிக்கரை வாங்கில் போய் இருந்து, எழும்ப முடியாமல் ரயிலை விட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என் தலையில் கையை வைத்தார். "நீர் திரும்பிப் பாப்பீர் எண்டுதான் பயந்தனான். பாக்கேல்லை. கெட்டிக்காரி" என்றார்.

அடுத்த மாதம் டெலிபோன் பில் வந்தபோது இரண்டு பேரும் குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு அதை உடைத்தோம். அதில் பிரான்ஸ் என்று ஒரு சொல்லும் இல்லை. அடுத்த இளவேனிலில் பி விசா வந்தது. பிறகு நிரந்தரமாக இருக்கவிடுகிற சி. பிறகு சிவப்புப் பாஸ்போட்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் இந்தக் கதையைச் சொல்வார். கார்த் தரிப்பிடத்தை நடித்துக் காட்டுவார். என் குரூயெத்சியைச் சொல்லும்போது சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியில், "என்ரை மனிசி சொன்னபடி செய்தவ, ஒருக்காத் திரும்பிப் பாக்கேல்லை" என்று முடிப்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பாஸ்போட் வந்த பிறகு ஒருமுறை, "உம்முடைய வீட்டைப் பாக்கப் போவமோ?" என்று கேட்டு நியோனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் அந்த ஊரை இன்னொரு தரம் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. போட் வந்து நின்றது. நான் ஏறவில்லை. தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டேன். ஊருக்குப் பயந்தல்ல. அந்தத் துறைக்குப் பயந்து.

இவருடைய கதையில் இவர் ஒருநாளும் சொல்லாத ஒன்று இருக்கிறது. காவலர் மறித்தபோது இவர் என்னைக் கூப்பிட்டார். "வதனி" என்று, பெயர் சொல்லி, இரண்டு தரம். தான் போட்ட திட்டத்தைத் தானே மறந்து, பயத்தில் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது.

சொன்னபடி செய்தவள் என்று இவர் சொல்வது சரியில்லை. பிள்ளையை நினைத்து நான் போகவில்லை. அந்த நேரம் எனக்கு அபியும் ஞாபகமில்லை, இவரும் ஞாபகமில்லை. என் பெயரைக் கேட்டதும், ஐயோ, இந்த மனிசன் என்னைக் காட்டிக்கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். முதல் தரம் கேட்டதும் காலை எட்டிப் போட்டேன். இரண்டாம் தரம் கேட்டதும் ஓடினேன்.

இதை எழுதி முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் இவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் இருந்து முதலிலிருந்து வாசித்தார். குரூயெத்சி வந்த இடத்தில் சிரித்தார். கடைசித் தாளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"அனுப்பும்" என்றார் பிறகு. "ஒண்டை மட்டும் திருத்தும். ரெண்டுதரம் இல்லை. மூண்டுதரம் கூப்பிட்டனான்."

மூன்றாவது எனக்குக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.